கணிதம் படிக்கும் பிள்ளைக்குக் கோடையில் எது: எம்.டி.டி.எஸ். முகாமா, அகாதெமி ஃபெல்லோஷிப்பா?

ஒவ்வொரு வருடமும் ஆயுதபூஜை விடுமுறை முடிந்ததும், பி.எஸ்சி. கணிதத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். “சார், சம்மர்ல எதுக்கு அப்ளை பண்ணலாம்?” நான் முதலில் சொல்வது இரண்டு பெயர்கள். ஒன்று எம்.டி.டி.எஸ். என்கிற கணிதப் பயிற்சி முகாம். மற்றொன்று மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இரண்டுமே கிடைத்துவிட்டால் தேதிகள் மோதும். அப்போது எதை விடுவது?

இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால் நான் தயங்காமல் எம்.டி.டி.எஸ். என்பேன்.

பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கிய முகாம் அது. நான்கு வாரம் நடக்கும். படிக்கும் ஆண்டுக்கு ஏற்ப மூன்று நிலைகள் உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். அங்கே யாரும் தேற்றத்தைப் பலகையில் எழுதிப்போட்டு நிரூபணத்தை ஒப்பித்துவிட்டுப் போக மாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், பலகைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு புள்ளியில் சார்பு தொடர்ச்சியாக இருப்பதற்கு வரையறை கேட்டால், எப்சிலான் (சார்பின் மதிப்பு எவ்வளவு விலகலாம் என்ற அளவு) முதலில், அதற்கேற்ற டெல்டா (புள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்ற அளவு) பிறகு என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் டெல்டாவை முதலில் எடுத்து, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும் என்று ஒரு பிள்ளை சொன்னதாக வைத்துக்கொள்வோம். தப்பு என்று சொல்லி அடித்துவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வாரம் மறந்துபோகும். “சரி, அப்படியே வைத்துக்கொள், எந்தெந்தச் சார்பு தேறும்?” என்று கேட்டால்? அந்தப் புள்ளிக்கு அருகில் மாறிலியாக, அதாவது மதிப்பு மாறாமல், இருக்கும் சார்புகள் மட்டும்தான் தேறும் என்பதை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் அந்த வரிசை மாறாது. பத்து மதிப்பெண் தேற்றங்களை மனப்பாடம் செய்தே 90 வாங்கிவிடக்கூடிய நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, போய்வந்தவர்கள் மறு செமஸ்டரில் கேட்கும் கேள்விகளில் பார்க்கிறேன்.

ஃபெல்லோஷிப் வேறு ரகம். சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய பெங்களூரு அகாதெமியும், டெல்லி, பிரயாக்ராஜ் அகாதெமிகளும் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை, உதவித்தொகையும் உண்டு. வேதியியல், உயிரியல் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல கோடை எனக்குத் தெரியாது. கல்லூரியில் படத்தில் மட்டும் பார்த்த கருவியை அங்கே கையால் தொட்டு இயக்கலாம். கணிதத்தில் நிலைமை வேறு. இளநிலை மாணவருக்குப் பெரும்பாலும் வாசிப்பு ப்ராஜெக்ட்தான் கிடைக்கும். வழிகாட்டி ஒரு புத்தகம் தருவார், அவ்வப்போது சந்திப்பார், மற்ற நேரமெல்லாம் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அடித்தளம் உறுதியாக இருந்தால் அது வரம். என் மாணவி ஒருத்திக்கு அப்படி இருக்கவில்லை. போன இடத்தில் வழிகாட்டி பாதி நாள் ஊரிலேயே இல்லை. மூன்றாவது அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டு, கேட்க ஆளில்லாமல், அறிக்கையை அழகாகத் தட்டச்சு செய்வதிலேயே கடைசி இரண்டு வாரத்தைக் கழித்துவிட்டுத் திரும்பினாள். அவளை அவசரப்பட்டு அனுப்பியது என் தவறு. அதனால்தான் முகாம் முதலில், ஃபெல்லோஷிப் எம்.எஸ்சி. முதலாண்டில் என்று இப்போது சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு: அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குபவர்கள். அதில் ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ப்ராஜெக்டுக்கானது. வழிகாட்டியின் கீழ் வேலை செய்து அறிக்கை தர வேண்டும் என்பதால் அவர்களுக்கு ஃபெல்லோஷிப் பக்கம் தட்டு சாயும்.

கல்லூரிகள் நடத்தும் சிம்போசியங்களையும் சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா மாதிரி விழாக்களையும் நான் இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை. ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு போங்கள், நண்பர்கள் கிடைப்பார்கள், நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு சான்றிதழ் சேர்த்தாலும் அது ஒரு முகாமுக்கு ஈடாகாது. ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடங்களான என்.பி.டி.இ.எல். பாடங்கள் செமஸ்டரோடு சேர்ந்தே ஓடும், பாடத்தைக் கேட்பதற்குக் காசில்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். நேரியல் இயற்கணிதத்தை அதில் ஒருமுறை முழுசாக முடித்துவிட்டு முகாமுக்குப் போனால் முதல் வாரம் திணறாது. கல்லூரி மாணவர்களுக்கு ஜனவரியில் நடக்கும் மாதவா கணிதப் போட்டியின் பழைய வினாத்தாள்களையும் போட்டுப் பாருங்கள். அதில் பரிசு வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

ஃபெல்லோஷிப் விண்ணப்பம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிய வாரங்களிலேயே மூடிவிடும். என்ன படிக்க ஆசை, ஏன் என்று சுருக்கமாக எழுதித்தர வேண்டும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். தயவுசெய்து கடைசி நாள் மாலையில் வராதீர்கள். நீங்கள் எழுதியதை உங்களோடு உட்கார்ந்து இரண்டு தடவையாவது திருத்த எனக்கு ஒரு வாரம் வேண்டும்.