எங்கே நிறுத்தினோம் என்று தெரியாத பெட்டி: ஒரு எம்பி3 பிளேயரோடு நாலு வருஷம்

சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. நாதஸ்வரம் கரகரப்பில்லாமல் கேட்கிறது. என் வழக்கெல்லாம் உள்ளே இருக்கும் மென்பொருளோடுதான். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த விலையில் நான் கையில் எடுத்துப் பார்த்த மூன்று நாலுக்கும் இதே குணம்தான்.

இந்தக் காலத்தில் யாராவது தனியாகப் பாட்டுப் பெட்டி வாங்குவார்களா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். 2014இல் பர்மாவில், எங்கள் ரங்கூனில், சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் அது பணக்காரர் சமாசாரம். அப்புறம் எல்லாரையும் போல எங்கள் வீட்டிலும் ஃபோனே ரேடியோ, ஃபோனே கேசட். 2021 பிப்ரவரி நடுவில் ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை ராணுவ ஆட்சியாளர்கள் இணையத்தை நிறுத்தினார்கள். மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவும் போனது. அப்பா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பக்திப் பாட்டு கேட்கிறவர். நாலு மணிக்கு ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார்? ஜூன் மாதம் கடைக்குப் போய் இதை வாங்கினேன். அன்றைக்கு ஒரு மூட்டை அரிசிக்குக் கொடுக்கும் காசு.

வீட்டில் அறுபது எழுபது கேசட் இருந்தது. எல்லாம் அப்பா இளவட்டமாக இருந்தபோது கோயில் திருவிழாக்களில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தவை. நாதஸ்வரம், பஜனை, ஊரிலிருந்து வந்த பெரியவர்களின் சொற்பொழிவு. டேப் ரிக்கார்டரை லேப்டாப்போடு ஒரு வயரில் இணைத்து ஒவ்வொரு பக்கமாக ஓடவிட்டு எம்பி3 ஆக்கினேன். இதில் குறுக்கு வழி கிடையாது. முக்கால் மணி நேரப் பக்கத்தை முக்கால் மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும். இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

முதல் நாள் அப்பாவிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் சொற்பொழிவு கேட்டார், தேநீர் குடிக்க எழுந்தார், நிறுத்தினார். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார்.

“என்னடா இது, மறுபடியும் காப்புப் பாட்டிலேருந்து ஆரம்பிக்கிறாரு?”

“பெட்டி அணைஞ்சு போச்சுப்பா. அணைஞ்சா முதல்லேருந்துதான் வரும்.”

“கேசட்டு எங்க நிறுத்தினனோ அங்கதானடா நிக்கும்?”

பதில் சொல்ல முடியவில்லை. கேசட்டுக்கு ஞாபகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. நாடா எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து எடுத்தாலும் அதே சொல்லில் தொடரும். இந்தப் பெட்டி பத்து நிமிஷம் சும்மா இருந்தால் தானே அணைந்துகொள்ளும். மறுபடி போட்டால் கடைசியாகக் கேட்ட பாட்டு எது என்பது மட்டும் நினைவிருக்கும், அதில் எந்த இடம் என்பது இருக்காது. மூன்று நிமிஷத் திரைப்பாட்டுக்கு இது போதும். முக்கால் மணி நேரச் சொற்பொழிவுக்கு? பொத்தானை அழுத்திப் பிடித்து ஓட்டிக்கொண்டே போக வேண்டும். கை கொஞ்சம் நழுவினால் அடுத்த கோப்புக்குத் தாவிவிடும். அப்பாவின் விரல் நடுக்கத்துக்கு அது தினம் நாலு தடவை தாவியது.

ஓட்டிப் பிடிக்கலாம் என்றாலும் நேரக் கணக்கு தப்பு. முக்கால் மணி நேரக் கோப்பை ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று காட்டியது. பார்த்ததும் என் காதையே சந்தேகப்பட்டேன். காரணம் பிறகு புரிந்தது. நான் மாறும் பிட்ரேட்டில் பதிந்திருந்தேன். பிட்ரேட் என்றால் ஒரு நொடிச் சத்தத்துக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கு. அமைதியான இடத்துக்குக் குறைவாகவும் தவில் வெளுத்து வாங்கும் இடத்துக்கு அதிகமாகவும் இடம் ஒதுக்கும் முறை அது. மொத்த நீளம் இவ்வளவு என்று கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிளேயர் கோப்பின் மொத்த அளவை ஆரம்பத்தில் இருக்கும் பிட்ரேட்டால் வகுத்து நேரத்தைச் சொல்லிவிடும். கச்சேரி தொடங்கும் முன் மேடையில் மௌனம்தானே? அந்த மௌனத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் நிலையான 128 கிலோபிட்டுக்கு மாற்றினேன். முக்கால் மணி நேரத்துக்குச் சுமார் 43 எம்பி. நேரம் சரியானது.

தமிழ் எழுத்துக் கதை தனி. ‘தேர்’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்தேன். திரையில் முதலில் ‘த’ வந்தது, அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு இரட்டைக் கொம்பு, அப்புறம் ‘ர’, தனியாக ஒரு புள்ளி. யூனிகோடில் மெய்யைச் சேமித்த பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டு வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்ய இந்தப் பெட்டியில் ஆளில்லை. எழுத்து இருக்கிறது, எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. பக்கத்து வீட்டு பர்மியப் பையன் தன் பாட்டுகளின் பெயர்கள் இன்னும் மோசம் என்று சிரித்தான். அவனுடையவை பழைய ஸாஜி எழுத்துருவில் அடித்தவை. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறியது. அவனுடைய பாட்டுகள் மாறவில்லை. நான் கடைசியில் எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டேன். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் ஒரு காகிதத்தில் எண்ணும் அதற்கு நேரே தமிழில் பெயரும் எழுதிப் பெட்டியோடு ரப்பர் பேண்டில் சுற்றி வைத்திருக்கிறோம். பழைய கேசட் அட்டைக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று வையுங்கள்.

எண் போட்டாலும் வரிசை வந்ததா? 1க்குப் பிறகு 10, அப்புறம் 11, ரொம்ப நேரம் கழித்து 2. சரி, 001, 002 என்று மூன்று இலக்கமாக மாற்றினேன். அப்போதும் கலைந்துதான் வந்தது. இந்தப் பெட்டி பெயரையே பார்ப்பதில்லை, உள்ளே செருகிய மெமரி கார்டில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடுகிறது. பத்துக் கோப்பை மொத்தமாக இழுத்துப் போட்டால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. கார்டைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக, வரிசையாக ஏற்றினால்தான் உண்டு. கார்டிலேயே வரிசையைத் திருத்தித் தரும் ஃபேட்சார்ட் என்ற சின்ன மென்பொருள் இருப்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒவ்வொன்றாக ஏற்றுவது என்றால் எங்கள் ஊரில் கரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது, பிளக்கில் இருந்தால்தான் ஓடும். ஒருநாள் நாற்பதாவது கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. தெருவே இருட்டு. மூன்று மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் “மீ லாபி!” என்று கத்தின. பர்மாவில் வளர்ந்த யாருக்கும் இதை மொழிபெயர்க்க வேண்டாம். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். கார்டைச் செருகினேன். சரிபார்க்கவா என்று விண்டோஸ் கேட்டது, சரி என்றேன். நாற்பது கோப்பில் பதினெட்டு மிச்சம். மற்றவை ‘ஃபவுண்ட் புள்ளி மூன்று சைபர்’ என்ற கோப்புறைக்குள், பெயர் இழந்து, வெறும் எண்களாகக் கிடந்தன. திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளைக் கொட்டகையில் உட்கார வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்தேன்.

கார்டிலும் ஒருமுறை ஏமாந்தேன். 64 ஜிபி என்று வாங்கியது உண்மையில் 8 ஜிபி. கணினியில் 64 என்றே காட்டும், எட்டைத் தாண்டியதும் ஏறுவதெல்லாம் குப்பை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சோதிக்காமல் இப்போது எந்தக் கார்டையும் நம்புவதில்லை.

பேட்டரி முதல் வருஷம் இருபது மணி நேரம் வந்தது, இப்போது ஆறு. நாலு வருஷத்துக்கு அது நியாயம்தான். பர்மியப் புத்தாண்டுக்குத் தண்ணீர் ஊற்றி விளையாடும் திஞ்சானில் ஒருமுறை முழுக்க நனைந்தும் பிழைத்துக்கொண்டது, அதற்கு ஒரு கும்பிடு.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ராக்பாக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் 2001 முதல் தன்னார்வலர்களால் எழுதப்பட்டு வருகிறது. சில மாடல் பிளேயர்களில் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ளலாம். நிறுத்திய இடத்தைத் தானே குறித்து வைக்கும் வசதி அதில் இருக்கிறது. எந்தெந்த மாடல் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். நான் கடைக்குப் போய் வந்துதான் பட்டியலைப் பார்த்தேன். என்னுடையது அதில் இல்லை.

ஆகவே கத்தியை எடுத்தேன். முக்கால் மணி நேரக் கோப்பு ஒவ்வொன்றையும் ஐந்து ஐந்து நிமிஷமாக வெட்டி, எண் போட்டு, வரிசையாக ஏற்றினேன். இப்போது பெட்டி மறந்தாலும் அதிகபட்சம் ஐந்து நிமிஷம்தான் பின்னால் போகும். சொற்பொழிவுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. கச்சேரிக்குத்தான் இடிக்கிறது. எம்பி3 கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். நல்ல பிளேயர் அதைக் கத்தரித்துவிட்டு அடுத்ததோடு ஒட்டிப் பாடும். இது கத்தரிக்காது. போதாததற்கு அடுத்த கோப்பைத் திறக்கக் கொஞ்சம் யோசிக்கும். கால் நொடி இருக்கலாம். எனக்குத் தெரியவே இல்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது. மல்லாரி வாசித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று காதிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

“தவில்காரர் ஒரு அடிய முழுங்கிட்டாருடா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவர் முழுங்கல.”

இப்போது சொற்பொழிவெல்லாம் பிளேயரில் கேட்கிறார். கச்சேரிக்குப் பழைய டேப் ரிக்கார்டர்தான் வேண்டும் என்கிறார். அதன் பெல்ட் போன வருஷம் இளகி அறுந்துவிட்டது. போன சனிக்கிழமை தெயின்ஜி சந்தையில், அப்பா வாயில் இன்னும் அது சூரத்தி பஜார்தான், இரண்டு கடையில் விசாரித்தேன். அளவு வேண்டும், அறுந்ததைக் கொண்டு வா என்றார்கள். அதை எங்கே வைத்தேன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.