3,364 மணிகளுக்குள் ஒரு டிராகன்: ஃபியூஸ் பீட்ஸுடன் ஐந்து ஆண்டுகள்

என் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் நான்கு ஆண்டுகளாக ஒரு டிராகன் தொங்குகிறது. நீளம் 29 சென்டிமீட்டர், அகலமும் அவ்வளவே. பின்னணியிலுள்ள இரவு வானத்தையும் சேர்த்து 3,364 மணிகள். ஒவ்வொன்றையும் என் விரலால் எடுத்து வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த மாயக்கதைத் தொடரின் இரண்டாம் பாகத்தில், மலை இடுக்கிலிருந்து அது முதன்முதலாக வெளிப்படும் காட்சி அது. தொடரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. டிராகனும் கோட்டையும் மந்திர விளக்கும் வருகிற எந்தத் தொடரை நீங்கள் விரும்பினாலும் இந்த அனுபவம் உங்களுக்குப் பொருந்தும்.

ஃபியூஸ் பீட்ஸ் என்பவை நடுவில் துளையுள்ள சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குழல்மணிகள். முளைகள் வரிசையாக நிற்கும் பலகையில் அவற்றைச் செருகி, மேலே தாளை விரித்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டென்மார்க்கின் ஹாமா, அமெரிக்காவின் பெர்லர், சுவீடனின் நாப்பி, சீனாவின் ஆர்ட்கால் ஆகியவை பரவலாகக் கிடைக்கும் பெயர்கள். இந்த மணிகளையும் பலகையையும் உருவாக்கியவர்களில் முன்னோடி சுவீடனைச் சேர்ந்த குன்னார் குனுட்சன். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குக் கைப்பயிற்சியாகத்தான் முதலில் அதை அவர் எண்ணியிருக்கிறார். குழந்தைகளின் விளையாட்டானது பிறகுதான். ஐந்து ஆண்டுகள் இதில் உட்கார்ந்த பிறகு அந்தத் தொடக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நாற்பதாவது மணியைத் தாண்டும்போது மூச்சு தானாகவே சீராகிவிடும்.

அளவுகளில் மூன்று உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்துவது 5 மில்லிமீட்டர் மணி. சிறு குழந்தைகளுக்கு 10 மில்லிமீட்டர். நுணுக்க வேலைக்கு 2.5 மில்லிமீட்டர், சில நிறுவனங்களில் 2.6. இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. ஒரு பலகை 2.5, பக்கத்துப் பலகை 2.6 என்று வைத்துக் கோட்டை மதில் ஒன்றைத் தொடங்கினேன். ஐம்பது மணி வரிசை முடியும்போது இரண்டுக்கும் இடையே அரை சென்டிமீட்டர் விலகல். மதில் சேரவே இல்லை. சின்ன மணிக்குப் போகிறீர்கள் என்றால் மணியும் பலகையும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கட்டும்.

பெரிய சதுரப் பலகையில் 29 வரிசை, வரிசைக்கு 29 முளை, ஆக 841 இடங்கள். இந்தக் கலையின் எல்லையும் அழகும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. ஐநூறு பக்கங்களில் நாம் வாழ்ந்த ஓர் உலகத்தை 841 புள்ளிகளுக்குள் கொண்டுவர வேண்டும். எதை விடுவது என்று முடிவெடுப்பதே உண்மையான வேலை. நான் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் தொடங்கினேன். கதாநாயகியின் வண்ண ஓவியம் ஒன்றைப் படத்தை மணிக்கட்டமாக மாற்றும் மென்பொருளில் போட்டேன். அது முப்பத்தேழு நிறங்களைக் கேட்டது. முகத்தின் ஓரமெங்கும் சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகள். அடுத்தடுத்த நிறங்களைக் கலந்து ஓரத்தை மென்மையாக்குவது திரையில் நன்றாக இருக்கும். மணியில் அது அழுக்குப் படிந்தது போலத் தெரியும். எல்லாவற்றையும் வைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அவள் அங்கே இல்லை.

அதன் பிறகு கட்டத்தாளும் பென்சிலும்தான். ஒரு பாத்திரத்தை வரைவதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இருட்டில், தூரத்தில், நிழலாக மட்டும் வந்தால் இவரை எதை வைத்துக் கண்டுகொள்வேன்? கதாநாயகிக்கு அது ஒரு பக்கமாகச் சரிந்த சடையும், தோளுக்கு மேலே தெரியும் வில்லும். கிழவ மந்திரவாதிக்கு வளைந்த முதுகு. முகத்தில் கண்ணுக்கு இரண்டு மணி போதும், வாயே வேண்டாம். பதினாறு மணி உயரத்தில், அதாவது எட்டு சென்டிமீட்டரில், அவள் இப்போது என் அலமாரியில் நிற்கிறாள். தொடரைப் படித்த யாரும் ஒரு நொடிகூடத் தயங்காமல் அவள் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிராகன் என்னை ஆறு வாரம் காக்க வைத்தது இதில்தான். துருவேறிய செம்பின் நிறம் என்று நான் அதைக் கற்பனை செய்திருந்தேன். அப்படி ஒரு மணி எந்தப் பொட்டலத்திலும் இல்லை. உலோகப் பளபளப்புள்ள மணிகள் உண்டு; தனியே பார்த்தால் அழகு, பக்கத்தில் சாதாரண மணிகள் வந்ததும் உயிரில்லாமல் போகின்றன. கடைசியில் செங்கல் நிறம், அடர்பழுப்பு, மங்கிய கடுகு மஞ்சள், அங்கங்கே ஒரு பாசிப்பச்சை என்று நான்கையும் செதில் வரிசையாக மாற்றி மாற்றி வைத்தேன். அருகில் நின்றால் நான்கு நிறம். ஆறடி தள்ளிப் போனால் கண்ணே அவற்றைக் கலந்து செம்பாக்கிவிடுகிறது. விளிம்புக்குக் கறுப்பு போடும் வழக்கத்தையும் அன்றுதான் விட்டேன். இரவு வானத்தின் மேல் கறுப்புக் கோடு தொலைந்துபோகும். அடர்நீல வானத்துக்கு முன்னால் கருஞ்சிவப்பு விளிம்பு வைத்தபோது இறக்கைகள் முன்னே வந்து நின்றன.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள்: தேர்ந்தெடுத்த நிறங்களில் நாலைந்து மணிகளை முதலில் தனியாக உருக்கிப் பாருங்கள். உருகியதும் நிறம் மாறுவது போலத் தோன்றும். துளைகள் மூடுவதால் நிழல் குறைகிறது, பரப்பு மினுங்குகிறது. ஒளி ஊடுருவும் மணிகளில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம்.

இனி இஸ்திரி. மாதக்கணக்கில் திட்டமிட்டது நாற்பது நொடியில் கெட்டுப்போவது இங்கேதான். மணிகளின் பொருள் பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தது. சுமார் நூற்றுப்பத்து டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கிவிடும். பெட்டியில் இரண்டு புள்ளி அடையாளம் ஏறத்தாழ 150 டிகிரி. நடுவில் தாள் இருப்பதால் எனக்கு அதுவே சரியாக வருகிறது. நீராவியை அணைத்துவிட வேண்டும். அடுப்பில் வைக்கும் ஒட்டாத பேக்கிங் தாள் போதும். பெட்டியை அழுத்தக் கூடாது, அதன் எடையே அதிகம். வட்டமாக, நிற்காமல் நகர்த்த வேண்டும். பெட்டியின் அடியில் நீராவித் துளைகள் இருக்கும் இடத்தில் சூடு குறைவு. ஒரே இடத்தில் வைத்தால் அந்தத் துளைகளின் அச்சு அப்படியே படத்தில் விழும். பத்து நொடிக்கு ஒருமுறை பெட்டியை எடுத்துத் தாளின் வழியாகத் துளைகளைப் பாருங்கள். எல்லாத் துளைகளும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் நிறுத்திவிடலாம். நடுப்பகுதி எப்போதும் முந்திக்கொள்ளும். ஆகவே நான் மூலைகளிலிருந்து தொடங்கி நடுவுக்கு வருகிறேன்.

பலகையின் மேலேயே உருக்குவது சிறிய படங்களுக்குச் சரி. நான்கு பலகை சேர்த்த டிராகனுக்கு அந்த வழி ஒத்துவராது. பலகையும் பிளாஸ்டிக்தான். அடிக்கடி சூடு பட்டால் நடுவில் மேடு கட்டும், பிறகு அதில் மணிகள் நேராக நிற்காது. என் முதல் இரண்டு பலகைகள் அப்படித்தான் போயின. இப்போது மாஸ்கிங் டேப் (எளிதில் உரியும் காகித ஒட்டுநாடா) முறையைத்தான் பின்பற்றுகிறேன். வைத்து முடித்த மணிகளின் மேல் டேப்பை வரிசை வரிசையாக, ஓரங்கள் சற்று மேலேறும்படி ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஊசியால் ஒவ்வொரு துளையின் மேலும் டேப்பைக் குத்திவிட வேண்டும். உள்ளே சூடாகும் காற்று வெளியேற அதுதான் வழி. 3,364 குத்து. எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. அதன் பிறகு முழுப் படத்தையும் கவிழ்த்துப் பலகைகளைத் தூக்கிவிட்டு, திறந்த பக்கத்தை உருக்கலாம். ஆறியதும் டேப்பை உரித்து மறுபக்கத்துக்கு லேசான சூடு. ஒரு பக்கம் நன்றாக உருகி இறுக்கம் தரும். மறுபக்கம் மணிகளின் வட்டத் துளைகள் தெரியும்படி நிற்கும். நான் சுவரில் பார்வைக்கு வைப்பது அந்தத் துளை தெரியும் பக்கத்தை.

இதில் ஒரு கண்ணி உண்டு. எந்தப் பக்கம் முன்னால் வரப்போகிறது என்பதை முதல் மணிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். தொடரில் வரும் பழைய எழுத்துகளால் வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை ஒன்று செய்தேன். உருக்கி முடித்துத் திருப்பியபோது எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருந்தது. டிராகன் இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் டிராகன்தான். எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

உருக்கிய உடனே எடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். ஒரு பக்கம் முன்னதாக ஆறினால் அது சுருங்கி, தகடு கிண்ணம் போல வளையும். தாளை எடுக்காமலே மேலே ஒரு தட்டையான பலகையும் கனமான புத்தகங்களும் வைத்துவிடுகிறேன். என்னிடம் உள்ளவற்றில் மிகக் கனமானது அந்தத் தொடரின் நான்காம் பாகம். தன் டிராகனைத் தானே நேராக்கிய புத்தகம் என்று அதன் மேல் எனக்குத் தனி மரியாதை.

முப்பரிமாண வேலைக்கு வந்தது மூன்றாம் ஆண்டில். தட்டையான துண்டுகளில் ஒரு மணி அகலத்துக்குப் பிளவு விட்டு, ஒன்றில் ஒன்றைச் செருகும் முறை. அறுகோண விளக்கு ஒன்று, அடிமேடையோடு ஒரு காவல் கோபுரம், இறக்கை தனியாகச் செருகும் குட்டி டிராகன் செய்தேன். பிளவை ஒட்டிய மணிகள் அதிகம் உருகினால் இடைவெளி மூடிவிடும், குறைவாக உருகினால் செருகும்போது உடைந்துவிடும். கோபுரத்தின் மூன்றாம் மாடியை நான்கு முறை திரும்பச் செய்தேன். விளக்கின் சுவர்களில் ஒளி ஊடுருவும் மஞ்சளும் ஆரஞ்சும் வைத்து உள்ளே ஒரு சிறு எல்இடி விளக்கு. மெழுகுவத்தி வைத்துவிடாதீர்கள், இது உருகும் பொருள். அறையை இருட்டாக்கி அதை ஏற்றும்போது கதையில் அந்த விளக்கு சுரங்கத்துக்குள் இறங்கும் பக்கத்தை மறுபடி படிப்பது போல இருக்கிறது. இந்த ஐந்து ஆண்டுகளில் நான் செய்தவற்றில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான்.

இவை எவ்வளவு காலம் தாங்கும் என்று பலர் கேட்கிறார்கள். சுவரில் உள்ளது அப்படியே இருக்கிறது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஜன்னலோரம் நேர் வெயிலில் வைத்த ஒரு கேடயம் ஒரே கோடையில் வளைந்தது. தாள் போட்டு மெதுவாகச் சூடு காட்டிப் புத்தகத்துக்கு அடியில் வைத்தபோது நேராகிவிட்டது. சாவிக்கொத்தில் மாட்டிய சின்ன வாள் பத்து மாதத்தில் கைப்பிடியில் முறிந்தது. ஒரு மணி அகலமுள்ள எந்தப் பகுதியும் கையாளும் பொருளுக்கு உதவாது, குறைந்தது இரண்டு வேண்டும். காந்தம் ஒட்டச் சாதாரணப் பசை எதுவும் பிடிக்கவில்லை, பாலிஎத்திலீனின் குணம் அது. பின்பக்கத் துளைகளை மூடாமல் விட்டு சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டியபோது, பசை துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது.

நிறுவனங்களைக் கலக்கலாமா என்றால், ஒரே படத்தில் வேண்டாம் என்பேன். ஒன்றின் மணி இளகி முடியும்போது மற்றொன்று அப்போதுதான் தொடங்கும். விலை குறைவென்று வாங்கிய பெயரறியாத பொட்டலம் ஒன்றில் மணிகளின் உயரமே ஒன்றுபோல இல்லை. இஸ்திரிப் பெட்டி உயரமானவற்றை மட்டும் உருக்கிவிட்டுப் போனது. கலப்பு நிற வாளியும் வாங்க வேண்டாம். ஏழாயிரம் மணியைப் பிரிக்கும் நேரத்தில் ஒரு கோட்டை கட்டிவிடலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் மூடியுள்ள பெட்டி கட்டாயம். தொண்டையில் சிக்கும் அளவுதான் இவை.

இப்போது மேசையில் இருப்பது தொடரின் உலக வரைபடம், 2.5 மில்லிமீட்டர் மணிகளில். பெரிய சதுரப் பலகை ஒன்றின் அளவான 14.5 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 841 மணிகளுக்குப் பதில் 3,364 வேண்டும். இடுக்கியில்லாமல் ஒன்றையும் நட முடியாது. மலைத்தொடர் முடிந்தது, ஆறு கடலை எட்டிவிட்டது. வடகிழக்கு மூலையில் பன்னிரண்டு வரிசை மட்டும் வெறும் முளைகளாக நிற்கின்றன. அந்த நிலம் கடைசிப் பாகத்தில்தான் வருகிறது. அதை இரவுக்கு ஓர் அத்தியாயமாக, மிக மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.