வீட்டுக்கே வந்த ஈசிஜி பொட்டி, அஞ்சுக்கு மூணு ஸ்டார்

எங்க ஷட்டில் செட்ல ஒரு அண்ணே, 44 வயசு, போன மாசம் ஆடிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, உடனே தூக்கிட்டுப் போனதால பொழைச்சாரு. நானும் டெய்லி காலைல ரேஸ்கோர்ஸ்ல ஓடுறவன், வயசு 41, பயம் வந்துருச்சு. அதான் ஓடுறவங்களுக்குன்னே வீட்டுலருந்து ஹார்ட் செக் பண்ற சர்வீஸ் ஒண்ணு புக் பண்ணேன், பேரு வேணாம்.

கூரியர்ல ஒரு பொட்டி வருது, உள்ள 10 ஒயரு, அதுல 12 லீட் ஈசிஜி எடுக்கலாம், அதாவது இதயத்தோட மின்துடிப்பை 12 கோணத்துல பாக்குறது. வாட்ச்ல வர்றது ஒரே லீடு, துடிப்பு தாறுமாறா இருக்கான்னு பாக்க ஆகும், ஆனா இதயத் தசை தடிச்சிருக்கான்னு சந்தேகப்படக்கூட 12ம் வேணும். நெஞ்சு முடியை எடுக்கணும்னு வீடியோல சொல்லவே இல்ல, பேடு ஒட்டவே மாட்டேங்குது. எடுத்து அனுப்புனா அரை மணி நேரத்துல போனு, "சார், கை ஒயரு இடது வலது மாறிருக்கு, திரும்ப எடுங்க"ன்னு. அதைப் பாத்துச் சொன்னாங்கள்ல, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

வீடியோ கால்ல வந்த டாக்டர் தங்கம். பல்ஸ் 48 இருக்குன்னு முன்னாடி ஒரு கிளினிக்ல பயமுறுத்திருந்தாங்க, இவரு ரெகுலரா ஓடுறவங்களுக்கு அது சகஜம்னு பொறுமையா சொன்னாரு. வீட்ல சின்ன வயசுல யாராவது திடீர்னு தவறிருக்காங்களான்னு கேட்டாரு, சித்தப்பா 36 வயசுல தூக்கத்துலயே போனது அப்பதான் ஞாபகம் வந்துச்சு, உடனே எக்கோ, அதான் இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பாக்குறது, எடுக்கச் சொல்லிட்டாரு.

கோவம் ரிப்போர்ட் மேலதான். முதல் பக்கத்துல பெருசா பச்சைல "லோ ரிஸ்க்", மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல ரத்தக்குழாய் அடைப்பை இது காட்டாதுன்னு. அதையில்ல முதல்ல போடணும்! 35 தாண்டி விளையாடும்போது விழுறவங்கள்ல பெரும்பாலும் அடைப்புதான் காரணம், சும்மா படுத்துக்கிட்டு எடுக்குற ஈசிஜில அது தெரியாமலே போகலாம், அந்த அண்ணனுக்கும் ரெண்டு மாசம் முன்னாடி எடுத்த ஈசிஜி நார்மல்தான். இந்தப் பச்சையைப் பாத்துட்டு எங்க குரூப்ல ஒருத்தரு, 46 வயசு, சுகர் வேற, மாரத்தானுக்குப் பேரு குடுத்துட்டாரு, கெஞ்சி டிரெட்மில் டெஸ்டுக்கு அனுப்பிருக்கேன்.

காலேஜ்ல விளையாடுற பசங்களுக்குத் தாராளமா எடுக்கலாம், இத்தாலில 1982லருந்தே போட்டி விளையாட்டுக்குப் போறவங்களுக்கு ஈசிஜி கட்டாயம். 40 தாண்டினவங்க இதோட நிறுத்திராதீங்க, பிரஷர், சுகர், கொழுப்பு பாத்துட்டு டாக்டரை நேர்லயே பாருங்க. ஓடும்போது நெஞ்சு அடைச்சாலோ மயக்கம் வந்தாலோ பொட்டி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

எனக்கு சனிக்கிழமை அண்ணாநகர்ல எக்கோ, தம்பியையும் கூட்டிட்டுப் போறேன், அவனுக்கும் அவரு சித்தப்பாதானே.