சூப்பர்நோவா நிறமாலை: கட்புல ஒளியா, அண்மை அகச்சிவப்பா?

புதிதாக ஒரு சூப்பர்நோவா தென்பட்டிருக்கிறது. தொலைநோக்கியில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதைக் கட்புல ஒளி நிறமாலைக்குச் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) செலவிடுவதா, சுமார் 1 முதல் 2.5 மைக்ரான் வரையிலான அண்மை அகச்சிவப்புக்கா? பெரும்பாலோர் யோசிக்காமலே கட்புலத்துக்குப் போய்விடுகிறார்கள். வகை என்னவென்றே தெரியாத முதல் சில நாள்களுக்கு அது சரிதான். வகை தெரிந்த பிறகும் வாரத்துக்கு வாரம் அதையே எடுத்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெடித்த விண்மீனுக்குள் என்ன இருந்தது, எது எந்த ஆழத்தில் எரிந்தது என்று கேட்டால் நான் அண்மை அகச்சிவப்பின் பக்கம். அங்கே தனிமங்களின் அடையாளமான நிறமாலைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காராமல் ஓரளவு தனித்து நிற்கின்றன. தூசியை ஊடுருவுவது போன்ற மற்ற சாதகங்களை நான் இதற்குப் பின்னால்தான் வைப்பேன்.

கட்புலத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடலாம். சுமார் 3500 முதல் 9500 ஆங்ஸ்ட்ராம் (10,000 ஆங்ஸ்ட்ராம் ஒரு மைக்ரான்) வரை ஒரே வீச்சில் எடுத்தால் வகைப்பாடு முடிந்துவிடும். ஹைட்ரஜன் இருந்தால் 2-ஆம் வகை. 6355 ஆங்ஸ்ட்ராம் சிலிக்கன் கோடு, வாயு நம்மை நோக்கி விரைவதால் நீலப்பக்கம் (குறுகிய அலைநீளத்துக்கு) நகர்ந்து, 6100-6150 வாக்கில் ஆழமாகத் தெரிந்தால் 1ஏ. ஹீலியம் தெரிந்தால் 1பி, இந்த மூன்றும் தெளிவாகத் தெரியாவிட்டால் 1சி. இதற்கு 2 மீட்டர் தொலைநோக்கி போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கான பழைய நிறமாலைகளும் எஸ்என்ஐடி போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. வெடித்த சில மணி நேரத்திலிருந்து சில நாள்கள் வரை மட்டும் தெரியும் 4686 ஆங்ஸ்ட்ராம் அயனி ஹீலியம் போன்ற மெல்லிய உமிழ்வுக் கோடுகளும் கட்புலத்தின் சொத்துதான். விண்மீன் சாவதற்குச் சற்று முன் உதிர்த்த வாயுவை அவை காட்டிக்கொடுக்கின்றன. எம்101 என்ற விண்மீன் திரளில் 2023 மே மாதம் வெடித்த எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் இதற்கு நல்ல உதாரணம். இந்த வேலைக்கு அகச்சிவப்பைத் தேட வேண்டியதில்லை.

சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில் வருகிறது.

சூப்பர்நோவாவின் பொருள் நொடிக்கு 10,000 கிலோமீட்டர் அளவில் விரிகிறது. 6000 ஆங்ஸ்ட்ராமில் இந்த வேகம் ஒரு கோட்டைச் சுமார் 200 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்கு இழுத்துவிடும். அந்த 200 ஆங்ஸ்ட்ராமுக்குள் இரும்பு, கோபால்ட், டைட்டானியம் என்று எத்தனையோ கோடுகள் விழும். நீலப்பக்கம் போகப்போக நெரிசல் கூடும். அகச்சிவப்பில் அகலம் குறைந்துவிடுவதில்லை. அலைநீளத்தோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது. 2 மைக்ரானில் அதே வேகம் 0.067 மைக்ரான் அகலம் தரும். ஆனால் அங்கே வலுவான கோடுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே பிரிதிறனை (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) கூட்டுவதால் இந்தப் பிரச்சினை தீராது, பட்டையை மாற்றினால்தான் தீரும். சூப்பர்நோவாவின் அகன்ற கோடுகளுக்குப் பிரிதிறன் 1000 இருந்தாலே நொடிக்கு 300 கிலோமீட்டர் வரை பிரித்துக் காட்டும், அது தாராளம். மெல்லிய ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடுகளைக் காட்டும் 2என் வகைக்கு மட்டும் பல ஆயிரம் வேண்டும்.

ஹீலியத்தை எடுத்துக்கொள்வோம். 1பி-யா, 1சி-யா என்ற வழக்கு பெரும்பாலும் இதில்தான் முடியும். நொடிக்கு 12,000 கிலோமீட்டர் வேகத்தில் ஹீலியம் இருப்பதாக வைத்தால், கட்புலத்தின் 5876 கோடு 5641 ஆங்ஸ்ட்ராமில் பள்ளமாக (ஒளி உறிஞ்சப்பட்ட இடமாக) விழும். அதே பள்ளத்தைச் சோடியத்தின் 5893 கோட்டுக்குக் கொடுத்தால் வேகம் 12,800 என்று வரும். இரண்டுமே நம்பக்கூடிய எண்கள்; ஆகவே இந்தக் கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 6678-ஐ ஹைட்ரஜன் ஆல்ஃபா குழப்பும். மிஞ்சுவது 7065. அது 6782-க்கு வரும். விண்மீன் திரள் நம்மைவிட்டு விலகுவதால் வரும் சிவப்புப் பெயர்ச்சி 0.01 வாக்கில் இருந்தால் அங்கிருந்து 6850-க்குத் தள்ளப்பட்டு, நம் காற்றுமண்டல ஆக்சிஜனின் 6867 பட்டையில் போய் முட்டும். கட்புலத்தில் காற்றுமண்டலத் தொல்லை கிடையாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இனி அகச்சிவப்பு. 1.083 மைக்ரான் ஹீலியக் கோடு எல்லாவற்றிலும் வலுவானது, ஆனால் நம்பகமானது என்று சொல்ல மாட்டேன். அதே 12,000 வேகத்தில் அது 1.040 மைக்ரானில் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தைக் கார்பனின் 1.0693 என்று படித்தால் வேகம் 8300, மக்னீசியத்தின் 1.0927 என்று படித்தால் 14,500. மூன்றுமே நடக்கக்கூடியவை. "1.04-இல் பள்ளம், ஆகவே ஹீலியம்" என்று கட்டுரை எழுதினால் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார், அனுப்பவும் வேண்டும். வழக்கை முடித்துவைப்பது 2.058 மைக்ரான் கோடு. 1.04 பள்ளம் ஹீலியத்துடையது என்றால் 1.976-இல் அதே வேகத்தில் இன்னொரு பள்ளம் தெரிய வேண்டும். அந்த இடத்தில் போட்டிக்கு வேறு வலுவான கோடு பெரும்பாலும் இருப்பதில்லை. கார்னகி சூப்பர்நோவா திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் சேர்த்த நிறமாலைகளிலும் ஹீலியம் மிகுந்தவை, குறைந்தவை என்ற பிரிவு இந்தக் கோட்டின் வலுவில்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: 2.058 எப்போதும் 1.083-ஐவிட மெலிந்தே இருக்கும். 1.083 தொடங்கும் கீழ் ஆற்றல் மட்டம் மும்மை நிலை, 2.058-இன் கீழ்மட்டம் ஒற்றை நிலை (ஹீலியத்தின் இரு எலக்ட்ரான்களின் சுழற்சி அமைப்பைப் பொறுத்த பெயர்கள்). எலக்ட்ரான்கள் முதலாவதில்தான் அதிகம் தேங்குகின்றன. மேலும் ஹீலியம் கிளர்ச்சியடைவதற்கே வெடிப்பில் உருவான நிக்கல்-56-இன் கதிரியக்கம் அருகில் வேண்டும். கோடு தெரியவில்லை என்பதால் ஹீலியமே இல்லை என்றாகிவிடாது. அகச்சிவப்பில் எடுத்தாலும் இந்த வரம்பு அப்படியேதான் இருக்கும்.

1ஏ வகையிலும் இதே கதை. கட்புலத்தில் எரியாத கார்பனைத் தேடுபவர்கள் 6580 கோட்டைப் பார்க்கிறார்கள். அது சிலிக்கன் கோட்டின் தோளில் சின்னக் கீறலாக வந்து, உச்ச ஒளிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. எம்101-இன் எஸ்என் 2011எஃப்ஈ-இல் 1.0693 கார்பன் கோடு உச்ச ஒளி வரை கைக்கு எட்டியது. அடுத்தது எச்-பட்டை முறிவு. (அண்மை அகச்சிவப்பை ஜே, எச், கே என்று பிரிப்பார்கள்; அவற்றின் நடு சுமார் 1.25, 1.65, 2.2 மைக்ரான்.) உச்சத்துக்குச் சில நாள்கள் கழித்து 1.5 மைக்ரானில் நிறமாலை படிக்கட்டு போலத் திடீரென்று ஏறுகிறது. இரும்பு, கோபால்ட், நிக்கல் குவியல் வெளியே தெரியத் தொடங்கியதன் அடையாளம் அது. உச்சத்துக்குச் சுமார் 12 நாள்கள் கழித்து அந்த ஏற்றத்தின் நீலமுனை வேகத்தை அளந்தால் நிக்கல்-56 எவ்வளவு வெளியே வரை பரவியது என்று நேரடியாகக் கிடைக்கும். கட்புலத்தில் இதற்கு ஈடாக இத்தனை நேரடியான அளவு ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. 200 நாள்களுக்குப் பிந்தைய, பொருள் விரிந்து உள்ளே வரை தெரியும் நெபுலா கட்டத்திலும் அப்படித்தான்: 7100-7400 ஆங்ஸ்ட்ராமில் இரும்பின் 7155, கால்சியத்தின் 7291, 7324, நிக்கலின் 7378 எல்லாம் ஒரே மேட்டில் கலந்துகிடக்கும், 1.644 மைக்ரான் இரும்புக் கோட்டின் வடிவமோ பெரும்பாலும் இரும்பின் வடிவமேதான்.

இந்தத் தெளிவு இலவசமாக வருவதில்லை. அகச்சிவப்புக்கு மூன்று தடைகள் உண்டு: வானத்தின் சொந்த ஒளி, நீராவிப் பட்டைகள், டிடெக்டர்.

எச் பட்டையில் வானம் சதுர ஆர்க்செகண்டுக்குச் சுமார் 14-ஆம் ஒளியளவில் ஒளிரும் (எண் கூடினால் மங்கல்). 16-ஆம் அளவு சூப்பர்நோவா அதைவிட 6 மடங்கு மங்கல். அந்த வான ஒளி பெரும்பாலும் ஹைட்ராக்சில் மூலக்கூறின் கோடுகள். சில நிமிடங்களில் மாறிவிடும். கட்புலத்தில் 1800 நொடி ஒரே எக்ஸ்போஷராக எடுக்கலாம். இங்கே 150 நொடிக்கு ஒருமுறை பொருளை, நிறமாலைமானிக்கு ஒளி நுழையும் நீண்ட பிளவுக்குள் ஏ, பி, பி, ஏ என்று இடம் மாற்றி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆறு சுற்று எடுத்தால் 3600 நொடி. பிளவின் மறுமுனை விண்மீன் திரளின் ஒளியில் விழுந்தால் கழித்த பிறகு சூப்பர்நோவாவின் அடியில் பள்ளம் விழும், பிளவைத் திருப்பிவிடுங்கள். கட்புலத்தில் காற்றுமண்டல ஒளிவிலகலுக்காகப் பிளவைக் குறிப்பிட்ட கோணத்தில் வைத்தே ஆக வேண்டும், அகச்சிவப்பில் அந்தக் கட்டாயம் தளர்வு. ஆனால் வழிகாட்டும் கேமரா கட்புலத்தில் இயங்கினால் பொருள் மெல்ல மெல்லப் பிளவை விட்டு நகரும். முடிந்தால் ஜே அல்லது கே பட்டையிலேயே வழிகாட்டுங்கள்.

நீராவிப் பட்டைகள் சுமார் 1.35-1.45 மைக்ரானிலும் 1.8-1.95 மைக்ரானிலும் உட்கார்ந்திருக்கின்றன. 90 விழுக்காடு ஒளி வரும் இடத்தில் காற்றுமண்டலத்தின் ஊடுருவல் 2 விழுக்காட்டுப் புள்ளி மாறினால் பிழை 2 விழுக்காடுதான். 20 விழுக்காடு மட்டும் வரும் இடத்தில் அதே மாற்றம் 10 விழுக்காட்டுப் பிழை. மெலிந்த கோடு அதிலேயே மூழ்கிவிடும். அதனால் ஹைட்ரஜனின் பாஷன் ஆல்ஃபா கோடான 1.875-ஐயும், நிலையான நிக்கலைக் காட்டும் 1.939-ஐயும் அருகிலுள்ள சூப்பர்நோவாக்களில் தரையிலிருந்து நம்பி எடுக்க முடியாது. 2.058 தப்பிக்கிறதா? அதன் பள்ளம் விழும் 1.976 நீராவிப் பட்டையின் ஓரம்தான். திரளின் சிவப்புப் பெயர்ச்சி 0.01 இருந்தால் 1.996-க்கு நகர்ந்து மூச்சுவிட இடம் கிடைக்கும். 0.02 இருந்தால் 2.015, அங்கே கார்பன் டை ஆக்சைடின் பட்டை வரும். அது காற்றில் சீராகக் கலந்திருப்பதால், நேரத்துக்கு நேரம் மாறும் நீராவியைவிடத் திருத்துவது எளிது. நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

காற்றுமண்டலத் திருத்தத்துக்கு, நிறமாலை நன்கு தெரிந்த ஏ0வி வகை வெப்ப விண்மீன் ஒன்றை மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்; காற்றுநிறை (ஒளி கடந்துவரும் காற்றின் அளவு) வேறுபாடு 0.1-க்குள் இருக்கட்டும். அந்த விண்மீனின் சொந்த ஹைட்ரஜன் கோடுகளைச் சரியாக நீக்காமல் வகுத்தால் 1.282-இலும் 2.166-இலும் போலி உமிழ்வு முளைக்கும். மிக அருகிலுள்ள திரள்களில் சூப்பர்நோவாவின் கோடும் அங்கேயே வருவதால் 2என் வகைதானோ என்று மயங்கவைக்கும். பூஜ்யப் பெயர்ச்சியில் கச்சிதமாக நிற்கும் மெல்லிய உமிழ்வைக் கண்டாலே சந்தேகப்படுங்கள். இன்னொன்று: பிரகாசமான அந்த விண்மீன் டிடெக்டரில் மங்கலான எச்சப் பிம்பத்தை விட்டுப்போகும். அதைப் பிளவில் வேறு இடத்தில் வையுங்கள், அல்லது சூப்பர்நோவாவை முடித்த பிறகு எடுங்கள்.

தூசி பற்றிச் சுருக்கமாக: கே பட்டையில் ஒளிமறைப்பு கட்புல வி பட்டையில் இருப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. தூசி நிறைந்த திரளில் வெடித்தால் தேர்வுக்கே இடமில்லை. 2-ஆம் வகையில் தூசி உருவாவதையே பார்க்க வேண்டுமானாலும் அகச்சிவப்புதான். எஸ்என் 1987ஏ-இல் கண்டது போல 2.3 மைக்ரானில் கார்பன் மோனாக்சைடு முதலில் தலைகாட்டும். பிறகு கே பட்டையின் சிவப்பு ஓரம் சூடான தூசியால் மேலே வளையும்.

என் சாய்வுக்கு வரம்பும் உண்டு. வெடித்த முதல் இரண்டு மூன்று நாள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளும் நெபுலா கட்டத்தவையும் எண்ணிக்கையில் இன்னும் சொற்பம். ஒரு பொருளில் கண்டதை வகை முழுமைக்கும் நீட்டினால் கட்புலத்தில் கிடைக்கும் புள்ளியியல் பலம் இங்கே கிடைக்காது. தொலைவிலுள்ள, 18-ஆம் அளவுக்கும் மங்கிய பொருளுக்குச் சிறிய தொலைநோக்கியில் அகச்சிவப்பு எடுப்பது பெரும்பாலும் இரவை வீணாக்குவதுதான். அங்கே கட்புலமே போதும் என்று விட்டுவிடுவேன்.

நேரம் குறைவென்றால் இப்படிப் பிரிப்பேன்: கண்டுபிடித்த அன்று கட்புலம் ஒன்று. 1ஏ என்றால் உச்சத்தை ஒட்டி அகச்சிவப்பு ஒன்று, 12 நாள்கள் கழித்து இன்னொன்று. 1பி, 1சி என்றால் உச்சத்துக்குப் பிந்தைய இரண்டு வாரங்களுக்குள் 2.058-ஐ இலக்காக வைத்து ஒன்று. 2-ஆம் வகையில் 100 நாள் தாண்டும் வரை காத்திருந்து கே பட்டை.

இரண்டையும் ஒருசேர எடுக்கும் கருவி கிடைத்தால் தேர்வே வேண்டாம். சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியின் எக்ஸ்-ஷூட்டர் கருவி 0.3 முதல் 2.48 மைக்ரான் வரையும், உத்தராகண்டிலுள்ள தேவஸ்தல் 3.6 மீட்டர் தொலைநோக்கியின் டான்ஸ்பெக் கருவி 0.55 முதல் 2.5 வரையும் தருகின்றன. எக்ஸ்-ஷூட்டரில் சிதறொளியைக் குறைக்க கே பட்டையைத் தடுக்கும் பிளவுகளும் உண்டு. ஜே, எச் பட்டைகளில் மங்கலான பொருளுக்கு அவை நல்லவை. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்தால் 2.1 மைக்ரானுக்கு மேல் எதுவும் வராது. 2.058-இன் நீலநகர்வுப் பள்ளம் தப்பிப் பிழைத்துவிடும். ஹைட்ரஜனின் பிராக்கெட் காமா கோடும் (2.166) கார்பன் மோனாக்சைடும் போய்விடும். 2-ஆம் வகைக்கு விண்ணப்பிக்கும்போது பிளவின் பெயரை இன்னொரு முறை சரிபாருங்கள்.