செட்ரிசின்: ஆறு வருடம் போட்டவள் சொல்கிறேன்

வேலையிடத்தில் ஒரு தம்பி போன வாரம் கேட்டார். "அக்கா, நீங்கதான் வருஷக்கணக்கா செட்ரிசின் போடுறீங்களே. எனக்கு அது போட்டும் மூக்கடைப்பு விடல. கூட ஒரு சளி மாத்திரை போட்டுக்கலாமா?"

"வேண்டவே வேண்டாம்" என்று நான் சொன்ன வேகத்தில் அவர் திகைத்துவிட்டார். காரணத்தை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

செட்ரிசின் ஒவ்வாமைக்குப் போடும் மருந்து. முதலில் அதன் நல்லதைச் சொல்ல வேண்டும். ராத்திரி 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. காலையில் மெத்தையை விட்டு எழுந்ததுமே வரிசையாகத் தும்முகிறவள் நான். இங்கே வருடம் முழுக்க ஈரக்காற்று, வருடம் முழுக்கத் தூசிப்பூச்சி. இந்த மாத்திரை வந்த பிறகுதான் கண் அரிப்பும் தும்மலும் அடங்கின. அடுத்த நாள் லேசாகத் தூக்கம் சொக்கும், அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் சளி மாத்திரைப் பெட்டிகள் மேல். முன்பக்கம் 'சளி, காய்ச்சல், தலைவலி' என்று கொட்டை எழுத்து. உள்ளே குளோர்பெனிரமின் இருப்பதோ பின்பக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். அதுவும் ஒவ்வாமை மருந்துதான், பழைய ரகம். நன்றாகத் தூங்க வைக்கும், வாயை உலர்த்தும்.

அப்பாவுக்கு 71 வயது, சிறுநீர்ப் பாதையை நெருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம் உண்டு. நான் போடுவதைப் பார்த்து அவரும் தினம் செட்ரிசின் போட்டார். சளி பிடித்ததும் சளி மாத்திரை, ராத்திரி இருமலுக்கு ஒரு சிரப். மூன்றும் கடையில் வாங்கியவை. விடியற்காலை மூன்று மணிக்குக் கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சொட்டுகூட வரலம்மா" என்றார். கை நடுங்கியது, பேச்சும் குழறியது.

அவசரப் பிரிவில் குழாய் போட்டுத்தான் சிறுநீரை எடுத்தார்கள். நான் கொண்டுபோன அட்டைகளையும் பாட்டிலையும் அந்த டாக்டர் மேசையில் வரிசையாக வைத்தார். செட்ரிசின், குளோர்பெனிரமின், சிரப்பில் டைஃபென்ஹைட்ரமின். மூன்று பெயரையும் பேனாவால் சுழித்துவிட்டு, "மூணும் ஒரே வேலைதான்" என்றார்.

மூன்றும் தடுப்பது ஹிஸ்டமினைத்தான், அதாவது ஒவ்வாமையின்போது உடம்பு வெளியிடும், தும்மலையும் அரிப்பையும் தூண்டும் பொருளை. சேர்த்துப் போட்டால் மயக்கம் கூடும். பழைய ரகம் இரண்டும் சிறுநீர்ப்பையையும் மந்தமாக்கும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் கொண்டுவரும். மூக்கடைப்புக்கு இந்த வகை மாத்திரை பெரிதாக உதவாது என்று மருந்தாளர் அப்புறம் விளக்கினார். அடைப்பை விடுவிக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரையும் இரத்த அழுத்தமோ புராஸ்டேட் பிரச்சினையோ உள்ளவர்களுக்கு ஆகாதாம்.

எனக்கு அவர் கொடுத்தது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. செட்ரிசினோடு சேர்த்தே பயன்படுத்தலாம் என்றார். முதல் நான்கு நாள் ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்றமாக இருந்தது. விடாமல் அடித்தேன். இரண்டாவது வாரம் ஒரு காலை, இரண்டு மூக்கிலும் மூச்சு தாராளமாகப் போனது. கோப்பி வாசனை அடுப்படியிலிருந்து படுக்கைவரை வந்தது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, தீர்ப்பு. செட்ரிசின் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அன்று நடந்ததில் அதன் பங்கு மிகக் குறைவு என்று டாக்டரே சொன்னார். ஆனாலும் அந்த அட்டையை அப்பாவின் அலமாரியில் இனி வைக்க மாட்டேன். தம்பியிடம் சளி மாத்திரைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.