டாங்கிக்கு அழுக்கேற்ற எண்ணெய் வண்ணமா, நிறமித் தூளா?

1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) மாடல் ராணுவ டாங்கிக்கு அடிப்படை வண்ணம் அடித்தாயிற்று, ஆனால் பொம்மை போல நிற்கிறது. அடுத்து எதை வாங்குவது என்று குழம்புபவர்களுக்கு இது.

செலவு
எண்ணெய் வண்ணம்: ரா அம்பர் (மங்கிய பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை. மூன்று ட்யூப் பல வருடம் வரும்.
தூள்: சீக்கிரம் காலியாகும். சாக் பேஸ்டல் குச்சியை உரசியும் சமாளிக்கலாம்.

கையாள்வது
எண்ணெய் வண்ணம்: மெதுவாகக் காய்வதுதான் இதன் பலமே. முதலில் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு. வண்ணத்தை அட்டைத் துண்டில் பிதுக்கி, எண்ணெயை உறிஞ்ச விடுங்கள், இல்லாவிட்டால் மினுமினுக்கும். ரிவெட்டுக்குக் கீழே ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) லேசாக நனைத்த தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் துரு வழிந்த கோடு வந்துவிடும். பிடிக்கவில்லையா, துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம்.
தூள்: தூவி, ஒயிட் ஸ்பிரிட் சொட்டுவிட்டால் போதும். காய்ந்த பிறகுதான் நிஜ நிறம் தெரியும். முகக்கவசம் அவசியம்.

நீடிப்பு
எண்ணெய் வண்ணம்: காய்ந்தால் அசையாது.
தூள்: விரல் பட்டாலே போச்சு. மேலே வார்னிஷ் அடித்தால் பாதிப் புழுதி காணாமல் போகும்.

துரு, மழைக்கோடு, டீசல் கசிவு என்றால் எண்ணெய் வண்ணம். புழுதி, காய்ந்த சேறு என்றால் தூள். டயோரமாவுக்கு (தரையோடு அமைக்கும் குட்டிக் காட்சிக்கு) ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் தூள் பக்கம்: தரையில் தூவிய அதே தூளைச் சக்கரத்திலும் சங்கிலியிலும் தடவினால்தான் வண்டி அந்த மண்ணில் ஓடியதாகத் தெரியும். அப்புறம், வண்டியை அடித்தளத்தில் ஒட்டிய பிறகு தூவுங்கள், கை படாது.