“பிளானிங்கை எங்களிடம் விடுங்கள்” என்றால் கொஞ்சம் யோசியுங்கள்

பாக்கெட் உணவு பிராண்ட் நடத்துகிறவர்களுக்கு இது. குறிப்பாக, எக்ஸெல் ஷீட்டிலேயே ஓட்டிவிட்டு, ஆர்டர் பெருகியதும் ‘இனி நம்மால் ஆகாது, ஆள் வைக்கலாம்’ என்று நினைப்பவர்களுக்கு. நானும் அப்படித்தான் ஒரு சப்ளை செயின் ஆலோசனை நிறுவனத்திடம் போய் மாட்டினேன்.

முதல் சந்திப்பில் டாஷ்போர்டு காட்டினார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, கண்ணைப் பறித்தது. எங்களிடம் கேட்டு வாங்கியது 18 மாத இன்வாய்ஸ் மட்டும். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்ன எடுத்தார் என்பதுதான் இன்வாய்ஸில் இருக்கும். கடையில் என்ன விற்றது என்பது இருக்காது.

அதில் இரண்டு மாதம் விற்பனை எகிறியிருந்தது. பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று நாங்கள் அறிவித்ததும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் குடோனை நிரப்பிக்கொண்டதுதான் காரணம். அதை இவர்களுடைய மென்பொருள் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, மேலே மேலே கோடு போட்டது. இதெல்லாம் தெரியாத விஷயமா? குழந்தைகள் டயப்பர் பயன்படுத்துவது ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, தனக்கு வரும் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்குவதை பிராக்டர் அண்ட் கேம்பிள் எப்போதோ கவனித்தது. ‘புல்விப்’ என்று அதற்குப் பெயரே உண்டு. 1997-இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஹாவ் லீயும் சகாக்களும் அதற்குச் சொன்ன நான்கு காரணங்களில் விலைச் சலுகையும் ஒன்று. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

அந்த ஃபோர்காஸ்டை நம்பி பிரிண்டட் ஃபிலிம் ஆர்டர் போட்டோம். உள்ளே போகிற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம், உறையை அப்படி வாங்க முடியாது. சிலிண்டர் மாட்டி அச்சடிக்கிறார்கள் என்பதால் குறைந்தபட்ச ஆர்டரே பெரிது. இரண்டு சுவைகளுக்கு ஒரு வருட ஃபிலிம் வந்து இறங்கியது. நான்காவது மாதம் எண்ணெயை மாற்றினோம், உட்பொருள் பட்டியலும் மாறியது. மிச்ச ரோல்கள் குடோன் மூலையில் இன்னமும் நிற்கின்றன. ஒன்றின் உறை கிழிந்து, தூசியில் யாரோ விரலால் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

உண்மையிலேயே ஓடுகிற மூன்றாவது சுவைக்கோ ஃபிலிம் இல்லை! சப்ளையர் வாயால் சொல்வது 4 வாரம். வந்து சேர்வதோ சில தடவை 3, சில தடவை 7. ஷீட்டில் 4 என்று மட்டும் போட்டு சேஃப்டி ஸ்டாக்கை, அதாவது தாமதமானாலும் சமாளிக்கக் கையில் வைக்கும் கூடுதல் இருப்பை, கணக்கிட்டிருந்தார்கள்.

பெரிய அடி எக்ஸ்பைரியில் விழுந்தது. எங்கள் சரக்கின் ஆயுள் 180 நாள். மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருந்தால்தான் எடுப்போம் என்பது பெரிய கடைகளோடு எங்களுக்கு இருக்கிற ஒப்பந்தம். அதாவது 60 நாள் தாண்டினால் அவர்களைப் பொறுத்தவரை அது சரக்கே இல்லை. இறக்குமிடத்தில் இருந்தவர் அட்டைப்பெட்டியைத் திருப்பினார், தேதியைப் பார்த்தார், திரும்ப லாரிப் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. டாஷ்போர்டில் அந்தப் பெட்டிகள் அன்றும் பச்சையாகவே இருந்தன.

கேட்டதற்கு, “நீங்கள் கொடுத்த டேட்டா அப்படி” என்றார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினால், எல்லாம் பரிந்துரை மட்டுமே, முடிவு வாடிக்கையாளருடையது என்று இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு, சரி.

இப்போது யாராவது வந்தால் நான் கேட்பது இதுதான்: சலுகை மாதத்தை எப்படிக் கழிப்பீர்கள், சரக்கின் வயதை எங்கே காட்டுவீர்கள், போன வருடத்தின் முதல் பாதியை மட்டும் கொடுத்தால் மறு பாதியைச் சொல்லிக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப்பேர் கிளம்பிவிடுகிறார்கள்.

போன வாரம் பழைய ஆலோசகர்களிடமிருந்து மெயில். இந்த மாதமே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் இரண்டு மாதம் இலவசமாம்.